தீபத்தன்று கதவில் கட்டிய சங்கிலி

வணக்கத்திற்குரிய ஐயா, அம்மா,

இதை வாசிக்க முன்வந்த தாங்கள் யாராக இருப்பினும், என் மொழியில் பிழை தென்பட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அதன்பின் கற்ற எழுத்தெல்லாம், நான் சமையல் செய்துவந்த இல்லத்தின் அலமாரிப் புத்தகங்களை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உரக்க வாசித்து நானே தேடிக்கொண்டவை.

அந்த இல்லம் வேங்கிக்காலில், புது மனைகளின் கடைசியில் இருந்தது. ஆட்சியர் அலுவலகம் அங்கே வந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். பின்புறம் சீமைக்கருவேலம் மண்டிய காலிமனை. கிறிஸ்தவ சபையார் சிலர் கூடி அதை நடத்தினார்கள். வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றப்பட்டு, பம்பாயிலும் பிற ஊர்களிலும் விற்கப்பட்டு, மீட்டுக் கொண்டுவரப்பட்ட இளம்பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். பொறுப்பாளராக இருந்த அம்மையாரை எல்லோரும் சிஸ்டர் என்றே அழைத்தோம். நான் நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டுதான் சமையலறைக்குள் நுழைவேன். அவர் ஒருநாளும் அதைப்பற்றிப் பேசியதில்லை. மாலை ஜெபத்துக்கு வரும்படி பெண்களையும் வற்புறுத்தியதில்லை. ஆயினும் பாட்டுச் சத்தம் கேட்டதும் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த வீட்டிற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கதவுக்கும் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் கிடையாது. வீட்டை வாடகைக்கு எடுத்த அன்றே சிஸ்டர் தச்சரை அழைத்து அவற்றையெல்லாம் கழற்றச் செய்து, ஆணித் துளைகளையும் அடைத்துவிட்டார். தாழ்ப்பாள் உட்புறம் மட்டுமே. பெண்கள் இருக்கும் கூடத்துக்கு யார் போவதானாலும் வெளியே நின்று தம் பெயரையும், வந்த காரியத்தையும் சொல்ல வேண்டும். திறப்பதும் திறக்காததும் உள்ளே இருப்பவர்கள் விருப்பம். காலைக் காப்பியைக் கையில் ஏந்திக்கொண்டு நானும் அப்படித்தான் நின்றேன். வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாகவே இருந்தது.

பத்தொன்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்த பிறகு வேடிக்கை போய்விட்டது. விளக்கு வைக்கும் நேரம் வந்தால் அவள் எழுந்துபோய் முகம் கழுவுவாள். பவுடர் பூசி, தலைவாரி, சுவரோரமாகக் கதவைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். யாரும் சொல்லிச் செய்வதன்று. அந்த நேரத்தில் கூப்பிட்டால் பதில் வராது, கண் சிமிட்டுவதும் குறைவு. சற்று நேரம் கழித்துத் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்து, "யாரு பெரியம்மா எனக்குப் பவுடர் போட்டது?" என்று என்னையே கேட்பாள்.  மாதங்கள் செல்லச் செல்ல அந்தப் பழக்கம் குறைந்து, பிறகு நின்றுபோயிற்று.

கார்த்திகை மாதத்தில், அவளுடைய சித்தி என்று சொல்லிக்கொண்ட ஒருத்தி, அவளைத் தன்னோடு அனுப்பும்படி ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். ஜவுளிக் கம்பெனி வேலை என்று சொல்லி அவளை ரயிலேற்றியவள் அந்தச் சித்திதான் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் அதை எந்த அதிகாரியிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவளை அழைத்து, யாரோடு போக விருப்பம் என்று கேட்பார்கள். வயது நிரம்பியவள் என்பதால், சித்தியோடு போகிறேன் என்று அவள் சொல்லிவிட்டால் தடுக்க ஒருவருக்கும் அதிகாரமில்லை.

நான் தனியாக அழைத்துக் கேட்டேன். "பெத்தவங்க வந்து பாக்கல பெரியம்மா. அண்ணனும் வரல. நான் வேணும்னு கேட்டு வந்தது அவங்க ஒருத்தர்தான்" என்றாள். 

அந்தத் திங்கட்கிழமைக்கு முன்பாக, மலையுச்சியில் கார்த்திகை தீபம் ஏற்றும் நாள் வந்தது. வேலூர்ப் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால், ஜனங்கள் எங்கள் தெருமுனையைக் கடந்து விடியற்காலை முதல் நடந்துகொண்டே இருந்தார்கள். ஓயாத காலடிச் சத்தம், தொலைவில் மழை பெய்வதுபோல் வீட்டுக்குள் கேட்டபடி இருந்தது. மாடியில் ஏறித் தீபம் பார்க்கலாமா என்று பெண்கள் சிஸ்டரைக் கேட்டார்கள்.

"மலைமேல வெளிச்சம் வந்தா பாக்கக்கூடாதுன்னு பைபிள்ல எங்கனா போட்டிருக்குதா? பாத்துட்டு எறங்கி வந்து ஜெபம் பண்ணுங்க. படியில மட்டும் ஓடாதீங்க" என்று அவர் சிரித்தார்.

"சிஸ்டரும் வந்தா, ஒரு அரோகரா போடணும்" என்றாள் ஒருத்தி.

"போடி வாயாடி!"

பிற்பகலில் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. கூட்டத்தோடு கூட்டமாக, மனுக் கொடுத்த பெண்மணி எங்கள் மதிலோரம் நிற்பதைக் காவலாளி கண்டு வந்து சொன்னார். சிஸ்டர் போய்ப் பார்ப்பதற்குள் அவள் ஜனத்தில் கலந்துவிட்டாள். தொலைபேசியில் காவல் நிலையம் கிடைக்கவில்லை. அத்தனை போலீசாரும் கோயில் பக்கம் இருந்தார்கள். நேரில் போய் அழைத்து வருவதைத் தவிர வேறு வழி அவருக்குத் தோன்றவில்லை. காவலாளியை முன்வாசலில் நிறுத்தினாலும், பெண்களை விட்டுப் போக அவருக்குப் பயம். நான் கூடத்துக்குள் பெண்களுக்குப் பொரி உருண்டை கொடுத்துக்கொண்டிருந்தபோது, கதவுக்கு வெளியே அவர் குரல் கேட்டது.

"அக்கா, நீங்க உள்ளயே இருங்க. நான் போய்ட்டு ஓடி வந்துடறேன். யாரும் பயப்படாதீங்க."

பிறகு இரும்பு உரசும் ஓசை. சைக்கிள் சங்கிலியை இரட்டைக் கதவின் இரு கைப்பிடிகளிலும் நுழைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். அன்பினால்தான் செய்தார். தாம் கழற்றச் சொன்ன தாழ்ப்பாளைத் தாமே வேறு விதத்தில் மாட்டுகிறோம் என்பது அந்தப் பதற்றத்தில் அவருக்குத் தோன்றியிருக்காது.

பூட்டு விழுந்த ஓசையோடு கூடத்தில் பேச்சு நின்றது. பொரி உருண்டையைக் கடித்தவள் மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தாள். முதலில் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் எழுந்து, கூடத்தை ஒட்டிய குளியலறைக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம். அவள் பின்னால் இன்னொருத்தி. பிறகு எல்லோரும். ஒருத்திக்கொருத்தி பவுடர் டப்பாவைக் கைமாற்றிக்கொண்டார்கள். ஒருத்தி மற்றவளுக்குப் பின்னல் போட்டுவிட்டாள். பிறகு சுவரோரமாக வரிசையில், கதவைப் பார்த்து உட்கார்ந்தார்கள். காலையில் வாயடித்தவளும் அங்கேதான் இருந்தாள். "என்னடி இது, எழுந்திருங்கடி" என்று தோளைப் பிடித்து அசைத்தேன். அசைந்த தோள் அப்படியே திரும்ப வந்து நின்றது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த அந்தக் கூடத்தில் வெள்ளை முகங்கள் மட்டும் தெரிந்தன. நான் வேறு ஏதோ ஒரு ஊரில், வேறு ஏதோ ஒரு வீட்டில் நிற்கிறேன் என்றே அப்போது எனக்குத் தோன்றியது.

பின்பக்க ஜன்னலில் ஒரு பெண்குரல் கேட்டது. காலிமனை வழியாக வந்திருக்கிறாள். கொசுவலைக்கு அப்பால் முகம் தெரியவில்லை. வலைமேல் பதிந்த உள்ளங்கையும் வளையல்களும் மட்டும் தெரிந்தன.

"கண்ணு, சித்தி வந்திருக்கேண்டி. பூட்டி வெச்சிருக்காங்களா உன்னை? அங்கயும் பூட்டு, இங்கயும் பூட்டு. அங்கயாவது தெனம் பூ வாங்கிக் குடுத்தாங்க. இங்க இன்னா குடுக்கறாங்க, பாட்டா?"

அவ்வளவு கனிந்த குரலை நான் கேட்டதில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை எழுப்பும் தாயின் குரல் அது. அந்தப் பெண் எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அது குளிர்ந்திருந்தது.

"உன் பேரு இன்னா?" என்று அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னாடி கேள்வி இது? சித்தி பேரு தெரியாதா உனக்கு?"

"இந்த வீட்ல யாரு வந்தாலும் பேரைச் சொல்லணும். இன்னாத்துக்கு வந்தோம்னும் சொல்லணும். நீயும் சொல்லு."

 பெயர் வரவில்லை. வளையல்கள் மெல்லக் குலுங்கின. பிறகு அதே கனிவோடு, கொஞ்சமும் கோபமில்லாமல் வெளியே நின்றவள் சொன்னாள்.

"சரி, உனக்கு இஷ்டம் இல்லன்னா நீ இருந்துக்க. வேற எவ வரீங்க?"

சுவரோரம் இருந்த அத்தனை முகங்களும் ஜன்னல் பக்கம் திரும்பின.

அந்தப் பெண் என் கையை உதறிவிட்டுக் கதவண்டை போனாள். வெளியே சங்கிலி கட்டியிருந்த அதே கதவில், உட்பக்கத் தாழ்ப்பாளை ஓசை கேட்கும்படி அறைந்து போட்டாள். அக்கணமே, தீபம் ஏற்றிவிட்டார்கள் என்பதற்கு அடையாளமாக, ஊர் முழுவதும் எழுந்த அரோகரா முழக்கம் சுவர்களை அதிரச் செய்தது. அது அடங்கியபோது ஜன்னலில் கை இல்லை.

சிஸ்டர் போலீசாரோடு வந்து சங்கிலியை அவிழ்த்தார். கதவு திறக்கவில்லை. அவருக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன்.  பிறகு, நாங்கள் அதுவரை அறியாத தம் முழுப்பெயரைச் சொன்னார்.

"சங்கிலி போட்டது நான்தான். இனிமே போட மாட்டேன். மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன். தொறக்கறது உங்க இஷ்டம்."

அந்தப் பெண் உடனே திறக்கவில்லை. எல்லோரையும் அழைத்துப்போய் முகத்தைக் கழுவ வைத்தாள். ஈரமுகத்தோடு அவர்கள் திரும்பி வந்த பிறகே தாழ்ப்பாளை நீக்கினாள்.

போலீசார் ஒவ்வொருத்தியாக விசாரித்தார்கள். ஜன்னலில் வந்தது தன்னை ஏமாற்றி அழைத்துப்போனவள்தான் என்று முதலாமவள் சொன்னாள். ஆந்திரப் பக்கத்துப் பெண்ணும் அப்படியே சொன்னாள். வந்தவள் பேசியது தமிழ்தானே என்றதற்கு, "அவளேதான்" என்றாள். ஒருத்தி விடாமல் எல்லோரும் அதையே சொன்னார்கள். "அது எப்படிம்மா, அத்தினி பேரையும் ஒரே பொம்பளையா இட்டுக்கினு போயிருப்பா?" என்று ஏட்டு பேனாவை மூடிவிட்டார். அதற்கு விடை எனக்கு இன்றும் தெரியாது. தனியாக இருக்கும் மாலைகளில் அந்தக் குரலை நினைத்தால், எனக்கும் முன்பே பழக்கமான குரலாகத்தான் அது படுகிறது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அவளோடு நானும் போயிருந்தேன். மனுக் கொடுத்தவள் வரவில்லை. அதிகாரி கேட்டதற்கு அந்தப் பெண் தலை நிமிர்ந்து சொன்னாள்:

"நான் இங்கயே இருக்கேன் சார். ரயில் ஏத்துனது அவங்கதான், எழுதிக்குங்க. அவங்க என்னைத் தேடி வரல. எவ வந்தாலும் போதும்னு வந்தாங்க."

அந்த இல்லம் பிறகு வேறு ஊருக்கு மாற்றப்பட்டது. அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. இருக்கிறாள் என்பது மட்டும் போதும். அன்று கூடத்துக்குள் இருந்தவர்களில் இதை எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் எழுதினேன். ஐயா, அம்மா, வாசித்து முடித்ததும் இத்தாள்களைத் தூர எறியாமல், எங்கேனும் ஓரிடத்தில் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.