ஜனவரியில் ஹார்பின்: மைனஸ் பதினெட்டை நேரில் பார்த்தது

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். தவறுகள் இருந்தால் மன்னிக்கவும். ஆனால் ஹார்பினுக்குப் போகுமுன் தமிழில் தேடியபோது எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சீனாவின் வடகிழக்கில் இருக்கும் இந்த நகரத்தில் முதுகலைப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு ஆண்டு, முழு உதவித்தொகை. மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான்தான். மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மா கைபேசியில் ஹார்பினின் மாதச் சராசரிகளைப் பார்த்தார்: ஜனவரி மைனஸ் 18, ஏப்ரல் 8, ஜூலை 23, ஒக்டோபர் 6. ஜனவரியைத் தவிர மற்றதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை.

"இஞ்சை மைனஸ் பத்துக்கே நான் படுற பாடு காணும். நீ போக வேண்டாம்."

அதனால் மிகக் குளிரான மாதத்திலேயே போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். டொரண்டோவில் மாறி பெய்ஜிங். அங்கிருந்து அதிவேக ரயிலில் ஹார்பின், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், ஐந்து மணித்தியாலம், அறுநூறு யுவானுக்குச் சற்றுக் குறைவு. ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்கு டாக்சி முப்பது யுவான். சாரதி கைபேசி மொழிபெயர்ப்பில் கேட்டார்: "கனடாவிலிருந்து குளிர் பார்க்கவா வந்தாய்? வீட்டிலேயே இருந்திருக்கலாமே!" கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு உறைந்த ஆற்றின் மேல் நின்றேன். மைனஸ் 22. மூக்குக்குள் மயிர் உறைந்தது. ஆனால் காற்று அசையவில்லை, நல்ல வெயில். பக்கத்தில் ஒரு குடும்பம் குச்சியில் குத்திய சர்க்கரைப் பழம் தின்றுகொண்டு நின்றது. மொன்றியலில் பனியுருக்கத் தெருவில் உப்புத் தூவுவதால் காலைப் பிடிக்கும் சேறு இங்கே இல்லை. அப்போது அம்மா அழைத்தார். வீட்டில் முதல்நாள் இரவு எட்டு மணி.

"எத்தினை டிகிரி பிள்ளை?"

"மைனஸ் இருபத்திரண்டு."

"இஞ்சை மைனஸ் இருபத்தைஞ்சு! அப்ப உங்கை சூடெல்லோ!"

அம்மாவின் குரலில் அப்படியொரு நிம்மதி. மொன்றியல்காரர் நாங்கள் காற்றோடு சேர்த்து உணரும் எண்ணைத்தான் குளிர் என்று சொல்வோம். பெரிய எண்ணாக இருந்தால்தான் அலட்டலாம். அன்று வீட்டில் உண்மையான வெப்பநிலை மைனஸ் 14. எனக்கு அது தெரியும். "ஓம் அம்மா" என்றேன்.

இரண்டு நாள் அந்த "ஓம்" உறுத்தியது. வளாகத்தைச் சுற்றிப் பார்த்தேன். உள்ளே இருபத்துமூன்று டிகிரி வெப்பம், சூப் பன்னிரண்டு யுவான், வாசிகசாலையில் எனக்குப் பிடித்த யன்னலோர மேசைகூட இருந்தது. இருந்தும் மனம் ஒட்டவில்லை. மூன்றாம் நாள் நானே அழைத்தேன்.

"அம்மா, நீங்கள் சொன்னது காத்தையும் சேர்த்த கணக்கு. நான் சொன்னது வெறும் குளிர். இஞ்சைதான் எட்டு டிகிரி குளிர் கூட."



"அதை ஏனடி இப்ப சொல்லுறாய்? பேசாமல் விட்டிருந்தால் நான் ஓமெண்டிருப்பன்."

"அதுக்குத்தான் சொல்லுறன்."

"இப்ப எங்கை நிக்கிறாய்?"

"ஆத்துக்கு மேலை."

"எவ்வளவு நேரமா?"

"முக்கால் மணித்தியாலம்."

"விசரி! தொப்பியைப் போடு." பிறகு குரல் தணிந்தது. "முக்கால் மணித்தியாலம் நிண்டு சண்டை பிடிக்கிறாய் எண்டால் உனக்கு ஒத்துக்கொள்ளும். போய்ப் படி."

அன்றே பதில் அனுப்பிவிட்டேன்.

போகிறவர்களுக்கு: கைபேசியை உள்சட்டைப் பையில் வையுங்கள், வெளியே பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். கையுறை இரண்டு அடுக்கு. அறைகளுக்குள் நல்ல சூடு, ஆகவே கழற்ற எளிதான உடுப்பு நல்லது. குளிர் பிடிக்காதவர்களுக்கு மே, செப்டம்பர் சரி.

கடைசியாக ஒன்று. இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேனோ தெரியாது. ஆவணியில் போகிறேன். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கோயிலுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் பியர்பொன்ட்ஸ் பக்கத்திலிருந்து காரில் போகிறவர்கள் யாராவது அவரையும் ஏற்றிப் போவீர்களா? அவர் ஒருபோதும் கேட்க மாட்டார்.