ஒரு முனை பிரெஞ்சு, மறுமுனை இங்கிலீஷ்

சோடாக் கம்பெனி முதலாளி என்று சொல்லித்தான் எங்கள் சித்தப்பாவுக்குப் பெண் கேட்டார்கள். அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் கம்பெனி இருந்தது. வாசலில் பலகை மாட்டியிருந்தது. கையால் சுற்றுகிற மெஷின் இருந்தது, கழுவிக் கவிழ்த்த கோலிப் பாட்டில்கள் வரிசையாக இருந்தன, முதலாளியும் தலைக்கு எண்ணெய் தடவி வாரிக்கொண்டு இருந்தார். சோடாதான் இல்லை.

கட்டைவிரல் அளவு ஒரு பித்தளைத் துண்டு கிடைக்காமல் போனதுதான் காரணம்.

சித்தப்பா அதற்கு முன்னும் பல தொழில் செய்தவர். உப்பளத்துப் பக்கம் உப்பங்கழியில் வாத்து வளர்த்தார். நீந்தப் போன வாத்துகள் திரும்பி வரவில்லை. குடை ரிப்பேர் செய்தார். அந்த வருஷம் மழை பெய்யவில்லை. அப்புறம் கடைத்தெருவில் பானக்கடை வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் கடையை மூடிக்கொண்டு கப்பலேறினபோது, அவருடைய சோடா மெஷினை வாங்கி வந்துவிட்டார். அது பிரான்சு தேசத்தில் செய்தது. அதற்கு வேண்டிய காஸ் வாயுவோ இரும்பு உருளையில் அடைத்துக் கடலூரிலிருந்து வரவேண்டும். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் சீமை, கடலூர் இங்கிலீஷ்காரன் சீமை. இரண்டு வெள்ளைக்காரர்களுக்கும் ராச்சியத்தில்தான் சண்டை என்று நினைத்திருந்தோம். திருகின் மரையிலும் சண்டை என்று அப்போதுதான் தெரிந்தது. பிரெஞ்சு மரையின் பல் ஒரு கணக்கு, இங்கிலீஷ் மரையின் பல் வேறு கணக்கு. மெஷினின் குழாய் வாயையும் உருளையின் வாயையும் இணைக்க, நடுவில் துளை போட்ட ஒரு துண்டு வேண்டும். அதன் ஒரு முனை பிரெஞ்சாகவும் மறுமுனை இங்கிலீஷாகவும் இருக்க வேண்டும்.

அதைத் தேடிச் சித்தப்பா அலையாத இடமில்லை. பழைய இரும்புக் கடை, கப்பல் சாமான் விற்கிற கடை, சைக்கிள் கடை எல்லாம் ஏறி இறங்கினார். கடலூர்க் கடைக்காரர், "உங்க ராசாகிட்டப் போய்க் கேளு" என்றாராம். எங்களூர்க் கடைக்காரர், "அவங்க ராசாகிட்டப் போய்க் கேளு" என்றாராம்.

உருளை வந்த கதையே ஒரு கதை. எல்லைச் சுங்கச் சாவடியில் சிவப்புத் தொப்பிச் சிப்பாய் வண்டியை மறித்தார்.

"உள்ளே என்னா?"

"காத்துங்க" என்றார் சித்தப்பா.

"காத்தா? எங்க, தெறந்து காட்டு."

சித்தப்பா திறந்து காட்டினார். சிப்பாயின் தொப்பி வேலியில் போய் விழுந்தது. உள்ளேயிருந்து வந்த சுங்கக் கணக்கர் தீர்வைப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "காத்துக்குத் தீர்வை போடலியே. இரும்புக்குக் கட்டிட்டுக் காத்தைச் சும்மா கொண்டு போ" என்று அனுப்பினார்.

இந்த நிலையில்தான் உபதேசியார் கடலூரிலிருந்து ஒரு பெண்ணைப் பற்றி ஜாதகம்போலச் சகல விவரமும் கொண்டுவந்தார். உபதேசியார்தான் எனக்கும் தெருப்பிள்ளைகளுக்கும் கோவிலில் முதன்முதலாகப் புது நன்மை வாங்குவதற்காக ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர். கற்பனைகள் என்கிற பத்துக் கட்டளைகளையும் பிரம்பால் தட்டித் தட்டி மனசில் ஏற்றினவர். பொய் சொல்லாதிருப்பாயாக என்கிற எட்டாம் கற்பனைக்கு மட்டும் இரண்டு தட்டு அதிகம். அவர்தான் பெண்ணின் அப்பாவிடம், "மாப்பிள்ளை சோடாக் கம்பெனி முதலாளி, புதுச்சேரி முழுக்க அவரு சோடாதான்" என்று சொல்லி வைத்திருந்தார். பெண்ணின் அப்பா கடலூரில் பெரிய மளிகைக்கடைக்காரர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து கம்பெனியைப் பார்க்கிறேன், ஒரு சோடா குடிக்கிறேன், பிடித்திருந்தால் பேசுவோம் என்று சொல்லியனுப்பினார்.

சித்தப்பாவுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. இதற்குமுன் வந்த இரண்டு இடமும் வாத்துக் கதையைக் கேட்டுவிட்டு நழுவிப்போன இடங்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் சோடா வந்தால் கல்யாணம், வராவிட்டால் இல்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

அப்பா பஞ்சாலையில் ஃபிட்டர் வேலை பார்த்தார். கொட்டகையின் ஒரு மூலையில் காலால் மிதிக்கிற சின்னக் கடைசல் மெஷின் ஒன்று வைத்திருந்தார். ஆலை விட்டு வந்ததும் அதன்முன் உட்கார்ந்துவிடுவார். அம்மாவுக்கு அதைவிட அந்தோனியார் மேல் நம்பிக்கை.

"அந்தோனியாருக்கு நேந்துக்கோங்க. தொலைஞ்சதைத் தேடிக் குடுக்கிறவரு அவரு" என்றாள்.

"தொலைஞ்சாத்தானேடி தேடுவாரு? இது இன்னும் பொறக்கவே இல்ல."

"அப்ப நீங்க பெத்துப் போடுங்க. அவரு பக்கத்துல நிப்பாரு."

பிரெஞ்சு முனை அப்பாவுக்குச் சுலபமாக வந்துவிட்டது. இங்கிலீஷ் முனைதான் அடங்கவில்லை. உருளையின் வாய்க்குள் இருக்கிற பல்லைக் கண்ணாலும் பார்க்க முடியாது, விரலாலும் அளக்க முடியாது. மெழுகை உருக்கி உள்ளே ஊற்றி, இறுகினதும் திருகி எடுத்தால் பல்லின் வடிவம் அப்படியே வந்துவிடும் என்று அப்பா சொன்னார். கடை மெழுகு உதிர்ந்து உதிர்ந்து போயிற்று. நல்ல தேன்மெழுகாக இருந்தால் தேவலை என்று அவர் வாய்விட்டுச் சொன்னதுதான் தாமதம், சித்தப்பா உள்ளே போய் எதையோ கொண்டுவந்து கொடுத்தார். அப்பாவும் எங்கேயிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

மறுநாள் அம்மா பெட்டியைத் திறந்தவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் சுவரேறிப் பார்த்தார்கள்.

"சேசு மரி சூசையே! சாவுக்கு வச்சிருந்த திரியிலயா சோடா?"

அது கோவிலில் மந்திரித்துக் கொடுத்த மெழுகுதிரி. புயலடித்தால் ஏற்றவும், வீட்டில் யாருக்காவது கடைசி நேரம் வந்தால் கையில் கொடுக்கவும் பட்டுத்துணி சுற்றி வைத்திருந்தாள்.

"அண்ணி, இந்தக் கல்யாணம் நடக்கலேன்னா நானும் செத்தவந்தான்" என்றார் சித்தப்பா.

"சாவறதுக்கு முன்னால கேட்டுட்டுச் சாவணும்" என்றாள் அம்மா. ஆனால் திரியைத் திருப்பிக் கேட்கவில்லை. அப்பா வேலை முடிந்ததும் தானே கொண்டுவந்து கொடுத்தார். உருக்காமல் அனலில் இளக்கி உருளை வாயில் அழுத்தித் திருகி எடுத்த அதன் அடிப்பாகத்தில் சுற்றிச் சுற்றி அழகாக இங்கிலீஷ் மரை முளைத்திருந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி பட்டுத்துணியில் சுற்றி வைத்தாள். பின்னாளில் ஒரு புயலுக்கு ஏற்றினோம். நன்றாகத்தான் எரிந்தது.

அந்த மெழுகைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய அரம் ஒன்றை அதே பல்லாகத் தீட்டி, அப்பா பித்தளையைக் கடைந்தார். சித்தப்பா மிதித்தார். முதல் துண்டு பல் உடைந்து போயிற்று. இரண்டாவது துண்டு சனிக்கிழமை சாயங்காலம் பொன்னாகப் பளபளத்துக்கொண்டு வெளியே வந்தது. நான் அதைக் கையில் வாங்கி, மூக்குத்தி மாதிரி மூக்கில் வைத்துப் பார்த்து அடி வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் முன்னே வர, பெண்ணின் அப்பா வெள்ளைக் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக வந்தார். கூடவே அவருடைய தங்கை. அந்த அம்மாள் வாசல் பலகையையே எழுத்துக்கூட்டிச் சந்தேகமாகப் பார்த்தாள். எல்லாரும் கொட்டகையில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சித்தப்பா புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு மெஷின் பக்கத்தில் நின்றார்.

அப்பா துண்டைப் பொருத்தி உருளையைத் திறந்தார். இங்கிலீஷ் முனையில் பாம்பு சீறுவதுபோல் ஸ்ஸென்று சத்தம். கொஞ்சம் இடைவெளி இருந்திருக்கிறது. அப்பா மூடினார். நிதானமாகக் கீழே குனிந்து ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சித்தப்பாவின் காலில் வந்து நின்றார்.

"கழட்டு."

"அண்ணே, புதுசு!"

"நாக்கு மட்டும் போதும்டா."

சப்பாத்தின் தோல் நாக்கை அறுத்து, வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு இடையில் வைத்து இறுக்கினார். சத்தம் நின்றது. அம்மா கதவோரம் நின்று, "அந்தோனியாரே" என்று மூச்சு விட்டாள்.

சித்தப்பா எலுமிச்சைச் சர்பத்து ஊற்றிய பாட்டிலை மாட்டிச் சுற்றத் தொடங்கினார். இத்தனை நாள் சுற்றாததையெல்லாம் சேர்த்து வைத்துச் சுற்றினார். "போதும்டா" என்றார் அப்பா. பெண்ணின் அப்பா பார்க்கிறாரே என்று இன்னும் கொஞ்சம் சுற்றினார். டமார் என்று ஒரு சத்தம். பாட்டிலைச் சுற்றி இரும்புக் கூண்டு இருந்ததால் யாருக்கும் காயமில்லை. ஆனால் சர்பத்துக்குக் கூண்டு தடையில்லையே. கோட்டு, தலைப்பாகை, தங்கையம்மாளின் பட்டுச்சேலை எல்லாம் நனைந்து எலுமிச்சை மணத்தது.

தங்கையம்மாள் எழுந்துவிட்டாள்.

"எழுந்திரு அண்ணே. ஒரு சோடா கேட்டா மழையே பெய்ய வைக்கிறாரு மாப்பிள்ளை. இதுக்கு மேல என்னா பாக்கணும்? போலாம்."

சித்தப்பாவின் முகம் சுண்டிவிட்டது. ஒரு காலில் நாக்கில்லாத சப்பாத்தோடு சுவரோரம் போய் நின்றார். எனக்கு அழுகை வந்தது.

பெண்ணின் அப்பா எழுந்தார். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை. நேரே மெஷினிடம் போய், கோட்டு தரையில் படக் குந்தி உட்கார்ந்தார்.

"இதை எங்க வாங்கினீங்க?"

"வாங்கலீங்க. நான் கடைஞ்சது" என்றார் அப்பா.

"கழட்டலாமா?"

அப்பா உருளையை மூடிக் கழற்றிக் கொடுத்தார். அவர் தலைப்பாகைத் துணியால் அதைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு முனையையும் நகத்தால் வருடிப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டிய பார்வை அது.

"இந்த முனை பிரெஞ்சுதானே?"

"ஆமாங்க."

"நம்ம பக்கத்து உருளைக்குப் பொருந்திடுச்சு, இல்லியா?"

"நல்லாப் பொருந்திடுச்சு!" என்றாள் தங்கையம்மாள் முந்தானையைப் பிழிந்துகொண்டே.

அவர் மறுபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். காப்பி வந்தது. ஊர்ச் செய்தி பேசினார், விளைச்சல் பேசினார். பேசிக்கொண்டே, எல்லாரும் பார்த்திருக்க, அந்தப் பித்தளைத் துண்டைத் தம் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை பின்னாலிருந்து வந்து என் வாயைப் பொத்தியது. அப்பாவைப் பார்த்தேன். அவர் பாட்டில்களை நேராக அடுக்கிக்கொண்டிருந்தார். களவு செய்யாதிருப்பாயாக என்கிற ஏழாம் கற்பனையை எனக்குச் சொல்லிக்கொடுத்த உபதேசியார் ஓட்டுக்கூரையில் ஒரு பல்லியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தை மாசம் வச்சுக்கலாமா?" என்றார் பெண்ணின் அப்பா.

அவர்கள் போனதும் அம்மாவிடம் கேட்டேன். "அவரு திருடினாரும்மா. நீங்க எல்லாரும் பாத்தீங்களே. ஏழாம் கற்பனை?"

"பொண்ணு குடுக்கிறவங்களுக்கு அது கெடையாது. போய்ச் சாப்பிடு" என்றாள்.

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து, நானும் வளர்ந்து, கூடத்தில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டு பேசுகிற வயதானபோதுதான் மீதிக் கதை தெரிந்தது. அவள் அப்பாவும் மலிவாய்க் கிடைக்கிறதென்று புதுச்சேரி ஏலத்தில் ஒரு பிரெஞ்சு சோடா மெஷின் எடுத்து, அந்தத் துண்டு கிடைக்காமல், மனைவிக்குப் பயந்து கடைக்குள் கோணி போட்டு மூடி வைத்திருந்தாராம்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் எங்கம்மா கேட்டாங்களாம், மாப்பிள்ளை கறுப்பா செவப்பான்னு" என்றாள் சித்தி. "எங்கப்பா பையிலேருந்து அதை எடுத்து வச்சுட்டு, 'பித்தளை. நல்ல கெட்டிப் பித்தளை'ன்னாராம்."

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதொன்றும் தெரியாது. களவு போன வீட்டில் இப்படியும் சந்தோஷப்படுவார்களா என்று விளங்காமல் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா பாயசத்துக்கு வெல்லம் தட்டினாள். சித்தப்பா நாக்கில்லாத சப்பாத்தோடேயே மிதிக்க, அப்பா வாய்க்குள் பாடிக்கொண்டு அடுத்த துண்டைக் கடைய ஆரம்பித்துவிட்டார்.

பெரியவர்களுக்குத்தான் புத்தி மழுங்கிவிட்டது, நாமாவது செய்வோம் என்று நான் உள்ளே போய் அந்தோனியார் படத்தின் முன் முழங்காலில் நின்றேன். எங்கள் வீட்டில் ஒரு சாமான் தொலைந்துவிட்டது, எடுத்தவர் மனசை மாற்றித் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று கண்ணீரோடு கேட்டுக்கொண்டேன்.

அவர் அதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. தை மாதம் சித்தியைக் கொண்டுவந்து சேர்த்தார்.