க்ளாவ்கோஸ் என்கிற நிறம்

பீளமேட்டு வீட்டு மொட்டை மாடியில், மழை விட்ட ஒரு சாயங்காலம், அண்ணி ஓர் எருக்கிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று நான் திட்டினேன். அவர் காதில் வாங்கவில்லை. கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டே, தன் ஆசைக்காகப் பழைய கிரேக்கம் படித்து, அதற்குத் தமிழில் ஓர் அகராதி எழுதிக்கொண்டிருந்தார். உடுமலையில் தோப்பு வைத்திருக்கும் என் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. எந்தக் கிரேக்கன் வந்து நம்மிடம் தேங்காய் கேட்கப்போகிறான் என்பார். அண்ணியும் கூடச் சிரித்துவிட்டு எழுதப் போய்விடுவார்.

அப்போது அவரைப் படுத்திக்கொண்டிருந்தது ஒரு பெயரடை; எருக்கிலையைத் திருப்பிப் பார்த்ததும் அதற்காகத்தான். ஆண்பாலுக்கு க்ளாவ்கோஸ், பெண்பாலுக்கு க்ளாவ்கே, ஒன்றன்பாலுக்கு க்ளாவ்கோன். வடிவங்களில் சிக்கல் இல்லை, பொருளில்தான் வம்பு. கடலுக்கும் அதே சொல், ஆலிவ் இலைக்கும் அதே சொல், ஒரு பெண் தெய்வத்தின் கண்ணுக்கும் அதே சொல். நீலமா, பச்சையா, சாம்பலா? ஆதியில் அது நிறமே இல்லை, வெறும் மினுக்கம்தான் என்பவர்களும் உண்டாம். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஏதாவது ஒன்றைப் போட்டு முடியுங்கள் என்பேன்.

பிறகு அவர் நிலைக்கதவில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். பக்கத்தில் இருக்கும் டம்ளரைத் தட்டிவிட்டார். கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப்போனேன். டாக்டர் கிளாக்கோமா என்றார். ஓரங்களில் போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். அந்த நோயின் பெயரே தன் சொல்லிலிருந்து பிறந்ததுதான் என்று அண்ணி சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம், அகராதி முடிகிறவரை கண் இருக்குமா என்பதை மட்டும் கேட்டுக்கொண்டே வந்தார்.

இருக்கவில்லை. மருந்து தவறாமல் போட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இருண்டுவிட்டது. இப்போது அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்கிறேன். எல்லாம் முடிந்து, அந்த ஒரு சொல்லுக்கு எதிரே மட்டும் வெறுமையாக இருந்தது. போன மாதம், அமராவதி அணைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். கரையில் நின்று, தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டார். பச்சை என்றேன்.

"பேரு வேண்டாங்க அம்மணி. அது என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க."

சொன்னேன். மேகம் மறைத்தால் சாம்பல் பூக்கிறது, காற்று வந்தால் ஒரு பக்கம் வெளுத்து எழுகிறது, பச்சை அடியில் இறங்கி வேறோர் இடத்தில் மினுங்குகிறது. என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. அண்ணி என் கையைப் பிடித்தபடி, முகத்தை நீர்ப் பக்கமே வைத்திருந்தார். வெயில் இறங்கும்வரை சொன்னேன். தொண்டை கட்டிக்கொண்டது.

"போதுங் கண்ணு, பாத்துப்போட்டேன்," என்றார். "ஊட்டுக்குப் போயி எழுதலாம்."