பலகை செய்ய மறுத்த சத்தியம்

2015ஆம் ஆண்டு பெப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை. இத்தாலியின் புதிய சனாதிபதி ரோமில் பதவியேற்றார். அன்று தைப்பூசமும்கூட, பின்னாளில் பழைய பஞ்சாங்கம் ஒன்றைத் தேடிப்பிடித்து இதை உறுதிசெய்துகொண்டேன். இலங்கையில் ஒரு புதிய சனாதிபதி பதவியேற்றது அதற்கு முந்தைய மாதம் 9ஆம் திகதி. ஒரு மாதத்துக்குள் இரண்டு நாடுகளில் இரண்டு சத்தியப்பிரமாணங்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. மூன்றாவதாகப் பதவியேற்கவிருந்தவள் நான்.

பலெர்மோவில் எங்கள் நான்காம் வகுப்பறைச் சுவரில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை இருந்தது. விரலால் தொட்டால் படம் நகரும், சத்தம் போடும். எல்லோரும் அதை லிம் என்போம். அன்று காலை கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு, ஆசிரியை அதில் பதவியேற்பை நேரலையாகக் காட்டினார். புதிய சனாதிபதி எங்கள் நகரத்தில் பிறந்தவர் என்பதால், அந்த வாரம் எல்லோரும் அவரைப் பற்றிச் சொந்தக்காரரைப்போலத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மணி, பீரங்கி, திறந்த நீலக் கார், குதிரை வீரர்கள், உயர்த்திய கை என்று படங்களைக் கலைத்துப் போட்டு, நடந்த ஒழுங்கில் இழுத்து வைக்கச் சொன்னார். சத்தியம் செய்யுமுன் சனாதிபதியைத் திறந்த காரில் ஏற்றியவர்களுக்குப் பலகை சிவந்து உறுமியது.

கடைசியில், அடுத்த கிழமை பெற்றோர் முன்னிலையில் நாங்களே ஒரு பதவியேற்பு நடத்தப்போகிறோம் என்று சொல்லி, சனாதிபதி யாரென்று பார்க்கப் பலகையில் பெயர்ச் சக்கரத்தைச் சுழற்றினார். என் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்து சக்கரத்தின் ஒரு துண்டுக்குள் அடங்காது. பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். முள் அந்தப் பாதிப் பெயரில் வந்து நின்றது. கபோ சந்தையில் பழக்கடை வைத்திருந்தவரின் மகன், இதை எப்படியோ முன்கூட்டியே மணந்தறிந்து, தகப்பனின் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். அவனுக்குப் பீரங்கிதான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும், விரதத்தோடு சமைத்துக்கொண்டிருந்த அம்மாவின் முன் நின்று, வலது கையை உயர்த்தி, சனாதிபதி சத்தியம் செய்த, நான் மனப்பாடம் செய்திருந்த இத்தாலிய வாக்கியத்தைத் தொடங்கினேன். அம்மா அகப்பையை வைத்துவிட்டார்.

"நிப்பாட்டு. சத்தியம் விளையாட்டில்லைப் பிள்ளை. நீ சனாதிபதியோ?"

இல்லை என்றேன்.

"அப்ப அது பொய்ச் சத்தியம். சொல்லக்கூடாது."

தைப்பூசத்தால்தான் தடை என்று நினைத்து, புதன்கிழமை சொல்லலாமா என்று கேட்டேன். எந்தக் கிழமையும் கூடாது என்றார். நான் சாப்பிட மறுத்து அழுதேன். சனாதிபதிப் பதவி பழக்கடைக்காரரின் மகனுக்குப் போய்விடும் என்ற நினைப்பே தாங்க முடியாததாக இருந்தது. ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலைசெய்த அப்பா, இரவு வந்து வழக்கைக் கேட்டுவிட்டு, உலகத்தில் பண்ணுகிற சத்தியமெல்லாம் மெய்யா, பிள்ளையை விடும் என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. என்ன காரணமோ, அப்பாவும் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

மறுநாள் அம்மா பாடசாலைக்கே வந்துவிட்டார். அவருடைய இத்தாலியன் வேலைசெய்த வீட்டு சிஞ்ஞோராவிடம் கேட்டுக் கேட்டுப் பழகியது. அதில் நேற்று, இன்று, நாளை எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல்தான். மகள் சனாதிபதியாகலாம், சத்தியம் மட்டும் இல்லை என்பதை அந்த மொழியிலேயே தெளிவாகச் சொன்னார். ஆசிரியை இதைச் சமய விடயம் என்று எடுத்துக்கொண்டு, தேவைக்கு மேலேயே மரியாதை காட்டினார். இந்துக்கள் எப்போதுதான் சத்தியம் செய்வார்கள் என்று அவர் கேட்டதற்கு, உண்மையாக இருந்தால் செய்வோம் என்றார் அம்மா.

வழியைக் கண்டுபிடித்தது அப்பாதான். "உண்மையான சனாதிபதியின்ரை குரல் அந்தப் பலகைக்குள்ளை கிடக்குதுதானே. அதே பண்ணட்டும். பிள்ளை வாயை மட்டும் அசைக்கட்டும்."

அம்மாவுக்கு அதுவும் போதவில்லை. "வாயும் அசைக்கக்கூடாது," என்றார்.

அப்படித்தான் ஒப்பந்தமானது. வாய் திறக்காத சனாதிபதி என்று வகுப்பில் எனக்குப் பெயர் விழுந்தது. சனாதிபதிகளில் அந்த ரகம்தான் நல்ல ரகம் என்று தன் தகப்பன் சொன்னதாகப் பழக்கடைக்காரரின் மகன் எல்லோருக்கும் அறிவித்தான்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பின்னேரம் பெற்றோர் சின்னக் கதிரைகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் அப்பாவின் கலியாணக் கோட்டில் இருந்தேன். அது என் கணுக்காலைத் தொட்டது. பலகையில் நாடாளுமன்றம் விரிந்தது. மணி அடித்தது. பழக்கடைக்காரரின் மகனுக்குப் பொறுமை இல்லை. நான் மேடைக்கு வருமுன்பே பீரங்கிப் படத்தை மூன்று தடவை குத்திவிட்டான். கைக்குழந்தை ஒன்று அலறியது, சனம் சிரித்தது. நான் அரசமைப்புச் சட்டப் புத்தகத்தின்மேல் கையை வைத்து வாயை இறுக மூடிக்கொண்டேன். சனாதிபதியின் குரல் வரவேண்டிய, உயர்த்திய கைப் படத்தை ஆசிரியை தொட்டார்.

பலகையில் ஒரு வட்டம் சுற்றியது. திரும்பத் தொட்டார். மென்பொருளை இப்போதே புதுப்பிக்கவா, பிறகு நினைவூட்டவா என்று பலகை கேட்டது. பிறகு என்றார். வட்டம் மறுபடியும் சுற்றியது.

சிரிப்பு மெல்ல அடங்கியது. எல்லாக் கண்களும் என்மேல் இருந்தன. "நீயே சொல்லு, தெரியும்தானே," என்று பீரங்கிப் பக்கமிருந்து கிசுகிசுப்பு வந்தது. தெரியும். வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். சொன்னால் பொய்ச் சத்தியம். சொல்லாவிட்டால் சனாதிபதி இல்லை. நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் கடைசி வரிசையில் அம்மா எழுந்து நின்றார். கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, குடியரசுக்கு உண்மையாக இருப்பேன் என்றும், அரசமைப்பையும் அரசின் சட்டங்களையும் கைக்கொள்வேன் என்றும் சத்தியம் செய்கிறேன் என்று, ஒரு சொல் தடக்காமல், ஒரு வினைச்சொல் பிசகாமல், இத்தாலியனில் சொல்லி முடித்தார்.

பிறகு கைதட்டல், விசில், மிச்சமிருந்த பீரங்கி வேட்டுகள் எல்லாம் ஒன்றாக வந்தன. அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியை ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்து, எப்போது என்று கேட்டார். ஏப்ரலில் என்றார் அம்மா. வகுப்புச் சுற்றுலாவைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

என் மகிழ்ச்சி அதிக நேரம் நீடிக்கவில்லை. சனாதிபதி சொன்னதில் சட்டங்கள் என்று ஒன்றும் வரவில்லை, உன் அம்மா கூட்டிவிட்டார் என்று பழக்கடைக்காரரின் மகன் காதோடு சொன்னான். அவன் சொன்னது சரி. வீட்டுக்குப் போகும் வழியில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அம்மா, நீங்கள் பிழையாச் சொல்லிப்போட்டீங்கள். சட்டமெண்டு அதிலை இல்லை."

"எனக்கு இருக்கு."

"அப்ப நீங்கள் மட்டும் பொய்ச் சத்தியம் பண்ணலாமோ?"

"அது பொய்யில்லைப் பிள்ளை. கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டன்," என்றார். அப்பா அதற்குச் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த நாட்டின் குடியுரிமைக்கு அம்மா விண்ணப்பித்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கிடைத்துவிட்டது, இனிச் சத்தியம் செய்வதுதான் பாக்கி என்ற அறிவித்தல் அந்தத் தை மாதம்தான் வந்திருந்தது. நாவூறு பட்டுவிடும் என்று அதை யாருக்கும் சொல்லாமல், அந்த ஒரு வாக்கியத்தை சிஞ்ஞோரா வீட்டுத் துணிகளுக்கு அயர்ன் போடும்போதெல்லாம் பாடமாக்கியிருக்கிறார். சனாதிபதி அரசமைப்புக்கு மட்டும் சத்தியம் செய்தால் போதும். புதிதாகக் குடிமக்களாகிறவர்கள் சட்டங்களுக்கும் சேர்த்துச் செய்யவேண்டும். இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தது நான் வளர்ந்த பிறகு.

ஏப்ரலில் என்னையும் நகரசபைக்குக் கூட்டிப்போனார்கள். மூவர்ணப் பட்டி அணிந்த ஓர் அதிகாரியின் முன் அம்மா பட்டுச்சேலையில் நின்று அந்த வாக்கியத்தைச் சொன்னார். சட்டங்கள் என்ற இடம் வந்ததும் நான் அப்பாவின் கையைச் சுரண்டினேன். அவர் குனிந்து பார்க்கவில்லை. அம்மா சொல்லி முடித்தபோது, அவருடைய பிள்ளை என்பதால் நானும் இத்தாலியக் குடிமகளாகிவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது. அம்மா இரண்டாம் தடவையும் அதே பிழையை விட்டதை ஆசிரியையிடம் சொல்வதா, விடுவதா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.