குதிரைப்படைத் தளபதிக்காக அழுத அப்பா

குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கூடத்துத் தொலைக்காட்சியில் எக்காளம் முழங்கியது. பழைய குதிரைப்படைப் படம். எனக்குக் கை நின்றுவிட்டது.

அதே படத்தை எட்டு வயதில், திருகோணமலைத் தியேட்டர் ஒன்றில், அப்பா, அம்மா, தம்பியோடு, பீடிப்புகை மணக்கும் மர வாங்கில் இருந்து பார்த்தேன். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டினார். அதற்கு முந்தின மாதம் தம்பிக்குக் காய்ச்சல் கொதித்தபோது, "கப்பல் வருது, டியூட்டியை விட ஏலாது" என்று போய்விட்டார். அம்மாதான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். உயிர் தப்பினான், காது போய்விட்டது.

படத்தில் தளபதியின் மகன் காயப்பட்டு விழுந்தான். தளபதி படையை விட்டு அவனிடம் போகவில்லை. அப்பா விம்மி அழுதார். அம்மா எழுந்தார்.

"ஆரோ பெத்த பிள்ளைக்கு அழுறீங்கள். சொந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் லீவு கேக்க ஏலாமப் போச்சு."

எங்களை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மீனை அப்படியே போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனேன். எண்பது வயது அப்பா அதே காட்சிக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கதிரையில் தம்பி, ஒன்றும் கேளாமல், குதிரைகளைப் பார்த்துச் சிரித்தான். தொலைக்காட்சியை அணைத்தேன்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டினனீ? நல்ல மனுசன் அந்தத் தளபதி."

"அதை அவன்ர மனுசி, அந்தப் பிள்ளையைப் பெத்தவள், சொல்லோணும், அப்பா" என்றேன்.