பனியனில் ஓடிய மான்

பனியன் கம்பெனியில் போட்டோகிராபர் என்றால், சட்டையை மேசையில் விரித்து, சுருக்கம் நீவி, மேலிருந்து படமெடுப்பதுதான் வேலை. முதல் வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கும் உங்களைப் போல நானும் அதை நம்பித்தான் சேர்ந்தேன். தற்காலிக வேலை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான் என்பதால், அம்மா அதை ஆபீஸ் உத்தியோகம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

அப்போது எங்களிடம் மொத்தமாகச் சட்டை வாங்கும் ஒரு வெளிநாட்டுப் பையர் டி-ஷர்ட்டில் அச்சிடப் படம் கேட்டார். அந்தி வெளிச்சத்தில் காட்டு மான். தூரிகையால் தீட்டியது போல இருக்க வேண்டும். ஆனால் நிஜமாகவே எடுத்த போட்டோவாக இருக்க வேண்டும். பையர்களோடு பேசுகிற மெர்ச்சண்டைசர் செந்தில் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "இது ஓகே ஆச்சுன்னா நீங்க பெர்மனென்ட்டுங்க. ஆகலீன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க."

சோளக்காட்டில்

பெருமாநல்லூர் தாண்டி ஒரு சோளக்காட்டுக்கு வெயில் சாய்ந்ததும் புள்ளிமான்கள் வரும் என்று கேள்விப்பட்டு, அந்தக் காட்டின் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்கப் போனேன். பெரிய கேமராவைப் பார்த்ததும், பயிர்ச்சேதம் பார்க்க வந்த வனத்துறை ஆள் என்று நினைத்துவிட்டார். மோர் கொடுத்து, மான் கடித்துப்போட்ட சோளத்தட்டையெல்லாம் வரப்பு வரப்பாகக் காட்டினார். பாதி வழியில் மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். விரட்டுவார் என்று பயந்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "படத்த எடுத்துக்குங்க கண்ணு, போறப்ப மானையும் கூட்டீட்டுப் போயிருங்க" என்றார்.

ஒரே ஒரு படம்

ஃபிளாஷ் அடித்தால் மான் மிரண்டுவிடும். அதனால் ஷட்டரை மெதுவாக வைத்து, மான் ஓடும் வேகத்துக்குக் கேமராவையும் கூடவே திருப்பினேன். சரியாக அமைந்தால் தலை மட்டும் ஓரளவு தெளிவாக நிற்கும். புள்ளிகளும் கால்களும் தூரிகை இழுத்தது போல நீளும். அமையாவிட்டால் படம் வெறும் சேறு போலக் கலங்கிவிடும். பல சாயங்காலங்கள் அலைந்து தேறியது ஒன்றுதான். செந்தில் அண்ணன் அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஏனுங்க, நடுங்குனது மானா, நீங்களா?"

செக்கிங் டேபிளில்

முகம் சுளித்தாலும் செந்தில் அண்ணன் படத்தை அச்சுக்கு அனுப்பினார். எங்கள் பிரிண்டிங்கில் ஒவ்வொரு கலரையும் தனித்தனியாக அடிப்பார்கள். ஒன்று நகர்ந்தாலும் உருவம் கலங்கிவிடும், சட்டை ரிஜெக்ட். பையரின் பிரதிநிதி வருகிற காலையில், மான் அச்சடித்த சாம்பிள் சட்டையைக் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தால், அது ரிஜெக்ட் பெட்டியில் கிடந்தது. பழுதைக் காட்டும் அம்புக்குறி ஸ்டிக்கர் கால், வயிறு, வால் என்று மான் முழுக்க ஒட்டியிருந்தது. மான் அப்படிக் கலங்கித்தான் இருக்க வேண்டும் என்று, பழுது பார்த்துப் பிரிக்கும் செக்கிங் அக்காவிடம் சொன்னேன். அவர் நம்பவே இல்லை. "கலருதானுங்க தம்பி ஓடுது, மான் எங்க ஓடுது?"

மீட்டிங் ரூமில்

ஸ்டிக்கரை உரிக்க நேரமில்லை. அம்புகளோடுதான் சட்டை மேசைக்குப் போனது. பையரின் பிரதிநிதியாக வந்த மேடம் இது கம்ப்யூட்டரில் செய்ததா என்று கேட்டார். நிஜப் போட்டோதான் கேட்டார்கள் என்பதையும் மறந்து, கம்ப்யூட்டர் என்றால் இன்னும் நாலு செய்து தரலாம் என்ற ஆசையில், ஆமாம் என்று தலையாட்டும்படி செந்தில் அண்ணன் கண்ணைக் காட்டினார். இல்லை, கேமராவிலேயே எடுத்தது, இதே மாதிரி இன்னொன்று வருமா என்று தெரியாது என்றேன். சொன்ன பிறகுதான் வேலை போயிற்று என்று உறைத்தது. மேடம் சட்டையைத் தூக்கிப் பிடித்துத் தள்ளி நின்று பார்த்தார். அப்புறம் சிரித்தார். "ஸ்டிக்கர மட்டும் எடுத்துருங்க. மான் இப்படியே இருக்கட்டும்."

வேலை நிரந்தரம் என்று அன்றே அம்மாவுக்குப் போன் செய்தேன். எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்டால் கலங்கிப்போன ஒரு போட்டோவுக்கு என்று சொல்லவேண்டிவரும் என்பதால், சட்டென்று வைத்துவிட்டேன்.