நித்திரைக்காரியின் படம்

விரல் நகத்தை மேலிருந்து கீழாக இழுத்தால் சீப்பின் பற்களைத் தடவியதுபோல் ‘கிர்ர்’ என்று சத்தம் வரும், இடமிருந்து வலமாக இழுத்தால் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும்; சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த பெரியப்பா எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிளாஸ்டிக் படத்தைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அன்று முழுக் குழப்பம், இன்று பாதிக் குழப்பம்.

படத்தில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு சிறுமி இருந்தாள். நான் படத்தை நகத்தால் சுரண்டுவதைக் கண்ட அப்பா அவளை விறாந்தைச் சுவரில் தன் கண் மட்டத்துக்கு ஆணி அடித்து மாட்டி, ஒருவரும் கை வைக்கக்கூடாது என்று சட்டமும் போட்டார். ஏழு வயதான நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, அவள் கண்ணை மூடித் தூங்குவதைக் கண்டு, ‘நித்திரைக்காரி’ என்று பெயர் வைத்தேன். வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர்கள் கண்ட சிறுமி அகல விழித்துக்கொண்டிருந்தாள். “கண்ணால கண்டதை மட்டும் சொல்ல வேணும்” என்பது அப்பாவின் வேதம். நானும் கண்டதைத்தான் சொன்னேன். என்னைவிட ஆறு வயது மூத்தவளும் அதற்குள் அம்மாவின் உயரத்துக்கு வளர்ந்துவிட்டவளுமான அக்காவை அவர் சாட்சிக்கு அழைத்தார். அக்கா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “திறந்துதான் கிடக்கு அப்பா” என்றாள்.

விசாரணை முடிந்தது. ‘நான் பொய் சொல்ல மாட்டேன்’ என்று ஒரு கொப்பி நிறைய எழுதி நிமிர்ந்தபோதும் அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். என் கண்ணில்தான் கோளாறோ, அல்லது நான் பொய்யன் என்பதே எனக்குத் தெரியாமல் இருக்கிறதோ என்று பல மாதங்கள் யோசித்தேன். நான் வளர்ந்து எட்டிப் பார்க்கும் முன்பே படம் எங்கேயோ தொலைந்துபோயிற்று. ‘பொய்யன்’ என்ற பட்டம் மட்டும் தொலையவில்லை. லண்டனில் என் கல்யாண வீட்டில்கூட அக்கா அதை மாப்பிள்ளை வீட்டுப் பகிடியாகச் சொன்னாள்.

புதிய நூற்றாண்டு பிறந்து நாலைந்து வருடத்தில், அச்சுக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். லண்டன் இல்ஃபோர்டில் ஒரு கைவினைக் கடையில் வரிவரியாகப் புடைத்த பிளாஸ்டிக் தாள் ஒன்று கையில் பட்டது. நகம் தானாகவே இழுத்தது. ‘கிர்ர்.’

அப்படியொரு படம் செய்யும் முறை எளிது, அதைச் சரியாகச் செய்வதுதான் கடினம். இரண்டு படங்களைக் கம்ப்யூட்டரில் மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக அச்சிட வேண்டும். அதன்மேல் அந்தத் தாளை ஒட்டினால் ஒவ்வொரு புடைப்பும் ஒரு சின்ன வில்லையாகி, ஒரு கோணத்தில் ஒரு படத்தையும் மறு கோணத்தில் மற்றதையும் காட்டும். அங்குலத்துக்கு இத்தனை வரி என்று பொதியில் போட்டிருப்பதை நம்பக்கூடாது; இம்மி இம்மியாக அளவை மாற்றிக் கறுப்பு வெள்ளைச் சோதனைப் பட்டைகள் அச்சிட்டு, தாளை மேலே வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, தலையை அசைக்கும்போது எது முழுவதும் ஒரே அடியாகக் கறுத்து வெளுக்கிறதோ அதையே எடுக்க வேண்டும். வரிகள் நிமிர்ந்து நின்றால் பார்ப்பவர் பக்கவாட்டில் நகரும்போது படம் மாறும். படுத்திருந்தால் உயரத்துக்குத் தக்கபடி மாறும். எங்கள் படத்தில் மேலிருந்து கீழாக இழுத்தால்தானே சத்தம் வந்தது? அப்படியானால் வரிகள் படுத்திருந்தன. நான் பொய் சொல்லவில்லை, குள்ளமாக இருந்தேன்.

கண்ணைத் திறந்தும் மூடியும் என்னையே படமெடுத்துக்கொண்டேன்; கூலி கேட்காத முகம் வேறு கிடைக்கவில்லை. முதல் மூன்று முயற்சிகளில் எனக்கு நாலு கண்கள். நாலாவதை எடுத்துக்கொண்டு என் வீடு இருந்த குட்மேய்ஸிலிருந்து இரண்டு இடத்தில் ரயில் மாறி, லண்டனின் மறுபக்கத்தில் அக்கா இருந்த சட்டனுக்குப் போய், அவள் உட்காரும் கதிரைக்கு எதிர்ச்சுவரில் என் கண் மட்டத்துக்கு மாட்டினேன்.

“என்னடா, செத்தவன் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறாய்?” என்றாள்.

“திறந்துதான் கிடக்கு அக்கா. எழும்பிப் பார்.”

“ஏலாதடா, முழங்கால் விடாது. நீ அப்பவும் பொய், இப்பவும் பொய்.”

இந்த நிமிடத்துக்காக நான் தயாரித்து வைத்திருந்த விரிவுரையைத் தொடங்காமலே விட்டேன். படத்தைக் கழற்றி அவள் முகத்துக்குக் கீழே பிடித்தேன். என் கண்கள் திறந்தன.

“எனக்குத் தெரியும்” என்றாள். “அண்டைக்கே விறாந்தை கூட்டேக்க குனிஞ்சு பார்த்தனான். மூடித்தான் கிடந்தது.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“சொன்னா அப்பா எனக்கும் ஒரு கொப்பி தந்திருப்பாரே!” என்று சொல்லி இருமல் வரும்வரை சிரித்தாள்.

உண்மையிலேயே பார்த்தாளா, தலை நரைத்த தம்பியின் மனம் ஆறட்டும் என்று அந்த இடத்திலேயே சோடித்தாளா, எனக்குத் தெரியவில்லை. கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். இப்போது அக்கா இல்லை, அந்தக் கைவினைக் கடையும் இல்லை. அவளுடைய வீட்டை நாங்கள் காலி செய்தபோது படம் என்னிடமே திரும்பி வந்து, வாசல் நடையில் தொங்குகிறது. வெளியே போகச் சப்பாத்து லேஸ் கட்டக் குனிந்தால் கண்ணை மூடுகிறது, நிமிர்ந்தால் திறக்கிறது. விளக்குமாறும் கையுமாக ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை எவ்வளவு குனிந்திருப்பாள் என்று அளக்க, லேஸ் கட்டிய பிறகும் இன்னொரு தரம் குனிந்து பார்க்கிறேன்.